எடைமேடையில் தொடங்காத ஆய்வு

குப்பைக் கிடங்குக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து அதிகாரிகள் ஆய்வுக்கு வரும் நாளைத் தெரிந்துகொள்ள நாட்காட்டி வேண்டாம். முதல் நாள் சாயங்காலமே தெரிந்துவிடும். தண்ணீர் லாரி உள்ளே போகும், புழுதி அடங்கும். வழியோரம் பிளீச்சிங் பவுடர் வெள்ளைக் கோடாக விழும். தூய்மைப் பணியாளர்களின் கையில் கையுறையும் காலில் பூட்ஸும் ஏறியிருக்கும். தென்மாவட்ட நகராட்சி ஒன்றின் கிடங்குக்கு அப்படியொரு நாளில் போயிருந்தேன். உரக்கூடத்துச் சுவரில் 'ஈரக் கழிவு', 'உலர் கழிவு' என்று எழுதிய பெயின்ட் தொட்டால் விரலில் ஒட்டியது. வந்த பொறியாளர் விவரம் தெரிந்தவர், கடுமையானவரும்கூட. இரண்டு மணி நேரம் சுற்றினார், படிவத்தில் குறித்துக்கொண்டார், கசிவுநீர்த் தொட்டியில் மாதிரி எடுக்கச் சொன்னார். திரும்பும்போது அவருடைய ஜீப் வாசலிலிருந்த எடைமேடையைத் தாண்டித்தான் போனது. அதன் பதிவேட்டை அவர் கேட்கவில்லை. எடைமேடை பழுதாகி எட்டு மாதம் ஆகிறது என்று எதிரே டீக்கடையில் ஒரு லாரி ஓட்டுநர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

அந்த ஜீப்பும் எடைமேடையும் இன்னும் மனதில் நிற்கின்றன. நம் ஊர்களில் குப்பை கொட்டும் இடமும் உரம் செய்யும் கூடமும் பெரும்பாலும் ஒரே வளாகத்தில், ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. ஆய்வு மட்டும் இரண்டையும் வேறு வேறு வீடாகப் பார்க்கிறது. இதற்கு ஒரு படிவம், அதற்கு ஒரு படிவம். உரக்கூடத்தில் தேறாதது எங்கே போகிறது, குப்பை மேட்டில் விழுவது எங்கிருந்து வருகிறது என்ற ஒரே கேள்வி இரண்டு படிவத்துக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. இந்தியாவில் இத்தனை ஆண்டாக இவ்வளவு ஆய்வு நடந்தும் மேடுகள் வளர்ந்ததற்கு என் பார்வையில் முதல் காரணம் இதுதான்.

விதிகள் எப்படி வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊர்க்குப்பையைக் கண்ட இடத்தில் கொட்டுவதை எதிர்த்து 1996இல் சுற்றுச்சூழல் ஆர்வலர் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அசிம் பர்மன் தலைமையில் குழு அமைத்தது. குழு 1999இல் அறிக்கை தந்தது. அதன் பயனாக 2000 செப்டம்பரில் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. பழைய கிடங்குகளைச் சீர்செய்ய 2001 முடிவுவரை, புதிய இடம் தேட 2002 முடிவுவரை, பதப்படுத்தும் கூடம் கட்ட 2003 முடிவுவரை என்று தவணை வைத்தார்கள். தவணை போனது, மேடு நின்றது. 2016 ஏப்ரலில் புதிய விதிகள் வந்தன. பழைய மேடுகளைக் கரைக்க ஐந்தாண்டு கொடுத்தன. அந்தத் தவணையும் 2021இல் முடிந்தது. 2024 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இன்னொரு வரைவை வெளியிட்டது. குப்பையை வீட்டிலேயே நான்காகப் பிரிக்க வேண்டும் என்பது அதில் முக்கியமானது. ஆகவே விதிக்குப் பஞ்சமில்லை. 2016 விதிகளின் அட்டவணைகளைப் படித்தால், எழுதியவர்களுக்குத் தொழில் நன்றாகத் தெரிந்திருந்தது என்றே சொல்வேன்.

அந்த அட்டவணைகளின்படி நிலநிரப்புத் தளம் எப்படி இருக்க வேண்டும்? ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்து 200 மீட்டர், குடியிருப்பு, நெடுஞ்சாலை, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்தும் 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர். குப்பைக்கு வரும் பருந்தும் காகமும் விமானத்துக்கு ஆபத்து என்பதால் அந்த ஏற்பாடு. அடியில் 90 சென்டிமீட்டர் களிமண் அல்லது பதப்படுத்திய மண். அதன்மேல் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள அடர் பாலித்தீன் விரிப்பு. களிமண் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் குறைந்தது இரண்டு மீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும். அன்றன்று கொட்டியதை அன்றன்று 10 சென்டிமீட்டர் மண்ணோ கட்டட இடிபாடோ போட்டு மூட வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பு இன்னும் கனமாக, 40 முதல் 65 சென்டிமீட்டர் வரை. நிரம்பிய பிறகு மேலே களிமண், வடிகால் அடுக்கு, செடி வளரும் மண் என்று மூடி, 15 ஆண்டு பராமரிக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலான நிபந்தனை ஒன்று உண்டு: மக்காத, எரியாத, மறுபடி பயன்படாத, வேதிவினை புரியாத எச்சம் மட்டுமே அங்கே போகலாம். இலை, சோறு, பிளாஸ்டிக், அட்டை எதுவும் போகக் கூடாது.

இனி இதே பட்டியலை ஓர் ஆய்வாளரின் கண்ணால் பாருங்கள். விரிப்பு மண்ணுக்கடியில் போய்விட்டது, கிழிந்திருந்தாலும் தெரியாது. களிமண்ணின் கசிவுத் தன்மையை அளந்த சான்றிதழ் கட்டும்போது வாங்கியது. இப்போது அவர் கண்ணுக்கு எட்டுவது மேல்மண் மூடியிருக்கிறதா, கசிவுநீர் எங்கே போகிறது, சரிவு எப்படி இருக்கிறது, எங்காவது புகைகிறதா என்பவைதான். கீழே நடப்பதை அறிய அவருக்கு இருக்கும் ஒரே சன்னல் கண்காணிப்புக் கிணறு. தளத்தின் விளிம்பிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைக் கோடை, மழைக்காலம், மழைக்குப் பின் என்று பருவம்தோறும் சோதிக்க வேண்டும் என்கிறது விதி. பருவம் என்ற சொல்லில்தான் உயிர் இருக்கிறது. கோடையில் எடுத்த ஒரே மாதிரியை வைத்து, நீர் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அது கண்ணை மூடிக்கொண்டு எழுதியது. ஐப்பசி மழை இறங்கி மேட்டைக் கழுவிய பிறகுதான் அந்தக் கிணறு பேசும். நீரோட்டத்துக்கு மேல்புறம் ஒரு கிணறும் கீழ்புறம் ஒரு கிணறும் இல்லாவிட்டால் அப்போதும் ஒப்பிட முடியாது. ஊர்க் கிணறே அப்படித்தான் என்று நகராட்சி சொன்னால் மறுக்க ஆதாரம் இருக்காது.

இன்னொரு சங்கடமும் உண்டு. நம்மிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவை நிலநிரப்புத் தளங்களே அல்ல, வெறும் மேடுகள். சென்னையில் பெருங்குடியில் ஏறத்தாழ 225 ஏக்கர், கொடுங்கையூரில் 300 ஏக்கருக்கும் மேல். இரண்டிலும் அடியில் விரிப்பும் இல்லை, களிமண் படுகையும் இல்லை. பெருங்குடி மேடு பள்ளிக்கரணைச் சதுப்பின்மேலேயே எழுந்தது. அந்தச் சதுப்புதான் 2022இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் ஏறியது. கோவையில் வெள்ளலூர்க் கிடங்கு 600 ஏக்கருக்கும் மேல். அட்டவணைக்காக வரைந்த படிவத்தை இந்த மேடுகளில் வைத்து நிரப்புவது, மாடில்லாத தொழுவத்தில் கறவைக் கணக்கு எழுதுவதற்குச் சமம். 'விரிப்பு: இல்லை, மேல்மண்: இல்லை, கசிவுநீர்ச் சுத்திகரிப்பு: இல்லை' என்று ஒரே விடை வருடா வருடம் வரும். ஒரே விடை திரும்பத் திரும்ப வந்தால் அது குற்றமாக இருப்பதை விட்டுவிட்டு இயல்பாகிவிடும். எழுதுபவருக்கும் கூசாது, படிப்பவருக்கும் உறைக்காது.

மேட்டில் உண்மையில் உயிர்போகும் இரண்டு விஷயங்கள் உண்டு: வாயுவும் சரிவும். மக்கும் பொருள் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் பிறக்கிறது. காற்றில் மீத்தேன் ஐந்து விழுக்காட்டைத் தொட்டால் வெடிக்கலாம். தளத்தில் அதில் கால்பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. அளக்கும் கருவி கையடக்கமானது. ஆனால் காலையில் ஓர் இடத்தில் அளந்தது மாலையில் பக்கத்து வெடிப்பில் செல்லாது. 2022 ஏப்ரலில் பெருங்குடி பற்றி எரிந்தது. புகை நாள்கணக்கில் தென்சென்னையில் தங்கியது. 2024 ஏப்ரலில் வெள்ளலூர் எரிந்தது. இரண்டும் கோடை வெயிலில். கோடைக்கு முன்பு ஆய்வு செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சரிவு இன்னும் கொடியது. கொழும்பில் மீதொட்டமுல்ல மேடு 2017 ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டன்று, வீடுகளின்மேல் சரிந்தது. 32 பேர் இறந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் முதல் நாள் டெல்லியில் காசிப்பூர் மேடு சரிந்து இருவர் இறந்தனர். பிலிப்பைன்சில் பயாதாஸ் மேடு 2000 ஜூலையில் சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. பெரும்பாலும் கதை ஒன்றே: உயரம் கூடியது, அடிவாரத்தில் ஏழைகளின் வீடுகள் நெருங்கின, மழை நீர் உள்ளே இறங்கியது. நம் ஆய்வுப் படிவத்தில் மேட்டின் உயரத்துக்கும் சரிவின் கோணத்துக்கும் கிடைப்பது ஒரு வரிதான். அளக்க வேண்டியவர் மண்ணியல் பொறியாளர். போகிறவர் வேதியியலும் சுற்றுச்சூழலும் படித்தவர்.

இனி உரக்கூடத்துக்கு வருவோம். எரு செய்வது நமக்குப் புதிதில்லை. எருக்குழி இல்லாத சம்சாரி வீடு ஒரு காலத்தில் கிடையாது. சாணமும் சாம்பலும் இலைதழையும் கொட்டி மூடினால் அடுத்த பருவத்துக்கு எரு. அதற்கு ஆய்வாளர் தேவைப்படவில்லை. அந்த எருவை வயலில் இறைத்தவன் அதே சேற்றில் வெறுங்காலோடு இறங்கினான். குழியில் என்ன போட வேண்டும், என்ன போடக் கூடாது என்பதை அவன் பாதம் சொல்லிக் கொடுத்தது. நகரத்து உரக்கூடத்தில் போடுபவர் வேறு, செய்பவர் வேறு, வாங்கி இறைப்பவர் வேறு. நடுவில் அந்தப் பாதத்தின் இடத்தில் நிற்க வேண்டியவர்தான் ஆய்வாளர்.

நல்ல ஆய்வாளர் உரக்கூடத்தில் முதலில் மூக்கையும் கையையும் நம்புவார். வரிசையாகக் குவித்த குப்பையில் ஒரு முழ ஆழத்துக்குக் கையை விட்டால் சுட வேண்டும். கம்பி வெப்பமானியைச் செருகினால் 55 டிகிரிக்கு மேல் காட்ட வேண்டும். அந்தச் சூடு சில நாள் நீடித்தால்தான் நோய்க்கிருமியும் களை விதையும் சாகும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிய வேண்டும்: தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம், உள்ளே காற்றில்லை, கையை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, வேலை நின்றுவிட்டது. பிடித்த உருண்டை அப்படியே நின்று, விரல் பட்டதும் உடைந்தால் சரி. அழுகிய முட்டை வாடை வந்தால் புரட்டிப் போடவில்லை என்று பொருள். எத்தனை நாளுக்கு ஒருமுறை புரட்டினார்கள் என்று பதிவேட்டில் தேடுவதைவிட, ஜே.சி.பி. ஓட்டுபவரிடம் டீசல் எவ்வளவு ஆகிறது என்று கேட்பது மேல். டீசல் கணக்கு பொய் சொல்லாது.

பிறகு தரையைப் பார்க்க வேண்டும். குவியல்கள் கிடக்கும் தளம் கான்கிரீட்டாகவோ 50 சென்டிமீட்டர் இறுகிய களிமண்ணாகவோ இருக்க வேண்டும், ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு சரிவோடு, சுற்றிலும் பூசிய வாய்க்காலோடு. இந்தச் சிறிய சரிவைக் கட்டுமானக்காரர்கள் விட்டுவிடுவது சகஜம். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் போதும். தேங்குகிறதா, வாய்க்காலுக்கு ஓடுகிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரியும். எந்தப் படிவத்திலும் இந்த வாளி இல்லை.

கடைசியாகச் சல்லடை. உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி நகர உரத்தில் 90 விழுக்காடு நான்கு மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 20க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் இன்னும் மக்கவில்லை, வயலில் போட்டால் அது மண்ணிலிருக்கும் தழைச்சத்தைத் தின்னும். கன உலோகங்களுக்கும் எல்லை உண்டு: ஒரு கிலோவில் ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5, பாதரசம் 0.15. இவை எங்கிருந்து வருகின்றன? செத்த பேட்டரி, உடைந்த டியூப்லைட், பெயின்ட் டப்பா. கலந்த குப்பையிலிருந்து உரம் செய்தால் இவை கூடவே வரும். எவ்வளவு சலித்தாலும் பொடியாகிப்போன ஈயத்தைச் சல்லடை பிடிக்காது. போபாலிலுள்ள இந்திய மண் அறிவியல் நிறுவனத்து ஆய்வாளர்கள் பல நகரங்களின் குப்பை உரத்தைச் சோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது: வீட்டிலேயே பிரித்த குப்பையில் செய்த உரம் தரமானது, கலப்புக் குப்பையில் செய்ததில் உலோகம் கூடுதல். ஆனால் விவசாயி உரத்தை ஒதுக்குவது ஈயத்துக்காக இல்லை, கண்ணாடிச் சில்லுக்காக. ஒருமுறை நாற்று நடுகிற பெண்ணின் உள்ளங்காலைக் கிழித்த உரத்தை அந்த ஊரில் மறுபடி யாரும் இலவசமாகக்கூட வாங்க மாட்டார்கள். டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி தருவதாக மத்திய அரசு 2016இல் அறிவித்தும் நகர உரம் விற்காமல் கிடந்ததற்கு இந்தச் சில்லுக்கும் பங்குண்டு.

இப்போது எடைமேடைக்குத் திரும்பலாம். கலந்த குப்பை 100 டன் உரக்கூடத்துக்குள் போனால், ஈரம் ஆவியாகி, ஒரு பகுதி கரியமில வாயுவாகப் பறந்து, சல்லடைக்குக் கீழே உரமாக விழுவது ஏறத்தாழ 15 முதல் 20 டன். சல்லடைக்கு மேலே நிற்பது அதைவிட அதிகமாகவே இருக்கும்: பிளாஸ்டிக் பை, துணி, செருப்பு, தேங்காய் மட்டை, கல். இந்த எச்சம்தான் இரண்டு படிவத்துக்கும் இடையில் காணாமல் போகும் பொருள். உரக்கூடத்தின் கணக்கில் 'பதப்படுத்திய அளவு 100 டன்' என்று ஏறுகிறது. உள்ளே வந்ததையே பதப்படுத்தியதாக எழுதும் வழக்கம் இது. மாலையில் எச்சம் டிப்பரில் ஏறிப் பின்பக்கம் மேட்டுக்குப் போகிறது. அங்கே அது புதிய குப்பையாகவும் எழுதப்படுவதில்லை, உரக்கூடத்தின் கழிவாகவும் எழுதப்படுவதில்லை. ஆண்டறிக்கை வாரியத்துக்குப் போகும்போது நகராட்சி நூற்றுக்கு நூறு பதப்படுத்தியதாக இருக்கும். மேடு மட்டும் எப்படியோ வளர்ந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். உள்ளே வந்த எடை, வெளியே போன உரத்தின் எடை, மறுசுழற்சிக்கு விற்ற எடை, சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போன எடை, மேட்டுக்குப் போன எடை. ஆவியாகிப் பறந்ததற்கு இடம் விட்டு, இந்த ஐந்து எண்ணும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். உரம் விற்றதற்கு ரசீது இருக்கும். சிமெண்ட் ஆலை எடை போட்டுத்தான் வாங்கும். இந்த இரண்டுக்கும் வெளியார் கையிலும் கணக்கு இருக்கும், எளிதில் திருத்த முடியாது. மீதியைக் கழித்துப் பார்த்துவிடலாம். பழுதான எடைமேடையைப் பல ஊர்களில் யாரும் அவசரமாகச் சரிசெய்யாததற்கு நான் ஊகிக்கும் காரணமும் இந்தக் கழித்தல்தான்.

விதியிலேயே ஓர் ஓட்டையும் இருந்தது. 2016 விதிகளின்படி நாளொன்றுக்கு ஐந்து டன்னுக்கு மேல் கையாளும் கூடத்துக்குத்தான் வாரியத்தின் அங்கீகாரம் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டு நகரங்களில் வார்டுதோறும் கட்டிய நுண் உரமாக்கும் மையங்கள் பெரும்பாலும் அந்த அளவுக்குக் கீழே. குப்பை பிறந்த இடத்திலேயே மக்குவது நல்ல யோசனை. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த விதியின்கீழ் ஒரு மாநகரில் இப்படி நூறு மையங்கள் இருந்தாலும் அவற்றில் ஒன்றுக்குக்கூட அங்கீகாரம் தேவைப்பட்டிருக்காது. அங்கீகாரம் இல்லாத இடத்துக்கு ஆய்வாளர் வழக்கமாகப் போகக் காரணமும் இல்லை. பூட்டிக் கிடக்கும் மையமும் ஓடும் மையமும் காகிதத்தில் ஒன்றே.

உரக்கூடம் தோற்றால் அது மேடாகும் என்பதற்குக் கேரளம் இரண்டு பாடம் வைத்திருக்கிறது. திருவனந்தபுரத்துக்காக விளப்பில்சாலையில் 2000இல் திறந்த உரத் தொழிற்கூடம், சில ஆண்டுகளில் நகரத்தின் கலப்புக் குப்பையைத் தாங்க முடியாமல் திணறியது. கசிவுநீர் ஓடையில் இறங்கியது. ஊர் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினர். 2011 டிசம்பரில் கிராமப் பஞ்சாயத்தே வாசலைப் பூட்டியது. வாரியம் செய்ய வேண்டிய ஆய்வையும் தீர்ப்பையும் பஞ்சாயத்து ஒரு பூட்டால் செய்து முடித்தது. இதில் ஒரு நல்லதும் விளைந்தது: வேறு வழியில்லாமல் அந்த நகரம் வீட்டுக் குழாய் உரம், காற்றோட்டத்தோடு மக்கவைக்கும் தும்பூர்முழி முறைத் தொட்டி என்று பரவலான வழிக்குத் திரும்பியது.

இரண்டாவது கொச்சியின் பிரம்மபுரம். அங்கேயும் உரத் தொழிற்கூடம் கட்டினார்கள்; சதுப்பு நிலத்தில் எழுந்த கட்டடம் சில ஆண்டுகளிலேயே சிதைந்தது, குப்பை மட்டும் தொடர்ந்து வந்தது. குழுக்கள் வந்து பார்த்தன, அறிக்கைகள் எழுதின, அறிவிப்புகள் போயின. 2023 மார்ச் 2ஆம் நாள் பற்றிய தீ பத்து நாளுக்கு மேல் எரிந்தது. நகரமே முகக்கவசத்தோடு நடமாடியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. பிரம்மபுரத்தில் ஆய்வு நடக்காமல் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நடந்தது, அதன் விளைவு எதுவும் டிப்பரை நிறுத்தவில்லை.

ஏன் நிறுத்தவில்லை? சாயப்பட்டறையை மூடும்போது வாரியம் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்கிறது. நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 33ஏ பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. குப்பைக் கிடங்கில் எதைத் துண்டிப்பது? நாளை காலை ஊர்க்குப்பை எங்கே போகும் என்ற கேள்விக்கு வாரியத்திடம் விடை இல்லை. ஆய்வு செய்வது அரசு, செய்யப்படுவது அரசு. அபராதம் விதித்தால் அது கட்டப்படுவது நம் வீட்டுவரியிலிருந்து. பழைய மேட்டைக் கரைக்கத் தவறும் உள்ளாட்சிகள் மாதந்தோறும் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பாயம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டது: பத்து லட்சம் மக்களுக்கு மேல் உள்ள ஊருக்கு 10 லட்சம், ஐந்து முதல் பத்து லட்சம் வரை 5 லட்சம், மற்றவற்றுக்கு ஒரு லட்சம். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்துக்கு 12,000 கோடி, மேற்கு வங்கத்துக்கு 3,500 கோடி என்று தொகை ஏறியது. தொகை ஏற ஏற அது யாருடைய தனிப் பொறுப்பும் இல்லாமல் போகிறது. ஒரு பொறியாளரின் பணிப்பதிவேட்டில் எழுதும் நாலு வரிக்கு உள்ள பயம் 12,000 கோடிக்கு இல்லை.

சட்டப்படி எடுக்கும் மாதிரியின் கதையும் இப்படித்தான். நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்லும் முறை நுட்பமானது: மாதிரி எடுக்கப்போவதாக அங்கேயே அறிவிப்புத் தர வேண்டும், இரண்டாகப் பிரிக்க வேண்டும், இடத்துக்குப் பொறுப்பானவர் முன்னிலையில் முத்திரை வைத்து, மாதிரி எடுப்பவரும் அவரும் கையெழுத்திட வேண்டும். இது பிசகினால் நீதிமன்றத்தில் அந்தச் சோதனை முடிவு செல்லாது. 'பார்வையிட்டபோது எடுத்த மாதிரி' என்று அறிக்கைகளில் வருபவை இந்த முறைப்படி எடுத்தவை இல்லையென்றால் வழக்குக்கு உதவாது. மாதிரி எடுப்பவர்களே போதவில்லை என்பது வேறு விஷயம். நாடு முழுவதும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களில் 11,000க்கும் மேற்பட்ட பணியிடங்களில் ஏறக்குறைய பாதி காலி என்று பசுமைத் தீர்ப்பாயத்தின் முன்னால் கணக்கு வைக்கப்பட்டது. ஒரு மாவட்டப் பொறியாளர் தோல் பதனிடும் ஆலை, கல்குவாரி, மருத்துவமனை, உணவகம் எல்லாம் பார்த்த பிறகு குப்பைக்கு வருகிறார்.

வெளியே எப்படி நடக்கிறது என்று பார்த்தால், கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒவ்வொரு நிலநிரப்புத் தளத்தையும் உள்ளூர் அமலாக்க அமைப்பு மாதம் ஒருமுறை பார்த்தாக வேண்டும். மாநில அமைப்பு 18 மாதத்துக்கு ஒருமுறை தனியாகப் பார்க்கும். நம் 2016 விதிகள் வாரியத்திடம் கேட்டது ஆண்டுக்கு இரண்டு முறை மறுஆய்வு. அங்கே அறிக்கையில் 'மீறல்' என்றும் 'கவலைக்குரியது' என்றும் இரண்டு தனி முத்திரை உண்டு. இந்த இரண்டாவதை நான் மிகவும் ரசிக்கிறேன். இன்னும் மீறலாகவில்லை, ஆனால் அடுத்த மாதம் ஆகலாம் என்று எழுத ஆய்வாளருக்கு ஓர் இடம். அறிக்கைகள் இணையத்தில் பொதுமக்கள் படிக்கக் கிடைக்கின்றன. ஆனாலும் அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் சிக்கிட்டா கேன்யன் தளத்தின் அடியில் 2022இல் தொடங்கிய சூட்டுவினையை மாத ஆய்வால் தடுக்க முடியவில்லை. அக்கம்பக்கத்தார் வாடையிலும் தலைவலியிலும் வாழ்ந்தார்கள். தளம் 2025 தொடக்கத்தில் குப்பை வாங்குவதை நிறுத்தியது. ஆய்வு அடிக்கடி நடப்பது தீயைத் தடுக்கும் என்று உறுதியில்லை. யாருக்கு எப்போது தெரியும் என்பதை அது மாற்றுகிறது, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவு'கூட நமக்கு வாய்க்கவில்லை.

நம் ஊருக்கு என்ன செய்யலாம்? மேடுகளைத் தோண்டிச் சலிக்கும் பயோமைனிங் வேலை பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் தொடங்கியது. இப்படியொரு வேலை நடக்கும்போதுதான் ஆய்வு எடைமேடையிலிருந்து தொடங்க வேண்டும். சலித்தெடுத்த மண் எந்தப் பள்ளத்தை நிரப்பப் போகிறது, அதில் உலோகம் எவ்வளவு என்பதும் அதே கணக்கில் வர வேண்டும். ஒரு மேட்டைக் கரைத்துப் பத்து வயலில் பரப்புவது தீர்வாகாது. ஆய்வு முன்னறிவிப்பின்றி நடக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டுதான் முடியுமென்றால் ஒன்று பங்குனியில், ஒன்று கார்த்திகையில். கிடங்கின் வேலிக்கு வெளியே வாழ்பவர்களில் ஒருவர் ஆய்வாளரோடு நடக்க வேண்டும். எந்த இரவில் எந்தப் பக்கம் புகை வந்தது, எந்தக் கிணற்று நீர் எப்போது நிறம் மாறியது என்பதற்கு அவரைவிட நல்ல பதிவேடு கிடையாது. ஐந்து டன் போன்ற விலக்கு எதையும், ஒரே உள்ளாட்சி நடத்தும் எல்லா மையங்களின் மொத்த அளவுக்கும் பொருத்த வேண்டும். இதற்கெல்லாம் புதுச் சட்டம் வேண்டியதில்லை. பெரும்பகுதிக்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஆவணத்தைக் கேட்கும் உரிமையை மட்டும் தரவில்லை. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் அதன் 2ஆம் பிரிவிலேயே வழி இருக்கிறது. உங்கள் ஊர் உரக்கூடத்தின் உரத்தில் ஒரு பிடியும், கிடங்கின் கடைசி ஆய்வறிக்கையும், கடந்த பன்னிரண்டு மாத எடைமேடைப் பதிவேட்டின் நகலும் வேண்டும் என்று நகராட்சி ஆணையர் அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் அவர் பதில் தந்தாக வேண்டும்.